ஓசியில் கட்டிய டெக்

வீட்டுக்குப் பின்னால் டெக் கட்ட என்ன செலவாகும் என்று யாராவது கேட்டால் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்: "நான் கட்டியிருக்கேன் லா. ஒரு காசு செலவில்ல. எல்லாம் ஓசி."

பொய். (நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள என் பொண்டாட்டி இருமுவா. அந்த இருமலுக்கு எந்தக் கிளினிக்லயும் மருந்து கெடையாது.)

மரம் ஓசிதான். டிரம் ஓசிதான். வேலைக்கு வந்த ஆட்களும் ஓசிதான். ஆனால் அந்த டெக்குக்கு நான் இன்றைக்கும் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். வங்கிக் கடனாக இருந்திருந்தால் இந்நேரம் முடிந்திருக்கும், வங்கிக்காரனும் என்னை மறந்திருப்பான்.

டெக் என்றால் வேறொன்றுமில்லை, மண்ணில் கால் படாமல் உட்கார்ந்து டீ குடிப்பதற்காக வீட்டுக்குப் பின்னால் பலகையில் போடும் மேடை. தலை நரைக்கும்வரை எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டுச்சுன்னு எங்க வாத்தியார் சொல்வாரு.) ஜொகூர் மாநிலம் கூலாயில், ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், மூன்று அறை வீடு. செனாய் பக்கம் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீர் செய்யும் தொழிற்சாலையில் சரக்குப் பெட்டி தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறேன். பெயர் ஆரோக்கியசாமி. இந்தக் கதையில் ஆரோக்கியமாக இருப்பது அந்தப் பெயர் மட்டும்தான்.

என் மகள் ஸ்டெல்லா சிங்கப்பூரில் ஓர் ஆபீசில் வேலை செய்தாள். விடியுமுன்னே பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டிப் போய், இருட்டியபின் திரும்பி வருவாள். அதே பஸ்ஸில் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து கெவின் என்று ஒரு பையன். இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கித் தூங்கிக் காதல் வந்துவிட்டது. பையன் நல்ல பையன். கோவிலுக்குப் போகிறவன், குடிக்காதவன். குறை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ முயன்றேன். சிக்கவில்லை.

அவன் பெற்றோர் எங்களை ஒருநாள் வீட்டுக்கு அழைத்தார்கள். அம்மா பிலோமினா, ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ். அவர் பார்த்தாலே நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும்போல் இருக்கும். அப்பா செல்வராஜ், அதிகம் பேசாதவர். ஹாலைத் தாண்டி எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார்கள். அங்கே இருந்தது டெக். தேன் நிறத்தில் பலகை, ஓரத்தில் பூச்சட்டி, மேலே விசிறி. நான் உட்கார்ந்தேன். டீ வந்தது. காற்று வந்தது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பியது என் உடம்பு மட்டும்தான். மற்றதெல்லாம் அந்த டெக்கிலேயே உட்கார்ந்துவிட்டது.

சில நாள் கழித்து பிலோமினா அக்கா போன் செய்தார். நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அண்ணே, கிறிஸ்மசுக்கு முன்ன ஒரு ஞாயித்துக்கிழம நாங்க பேச வர்றோம். வீடு கொஞ்சம் சின்னதுன்னு ஸ்டெல்லா சொல்லுச்சு. நாங்க அஞ்சு பேரு மட்டும் வர்றோம், ஒங்களுக்குச் சிரமம் வேணாம்."

எவ்வளவு மரியாதையான பேச்சு! என் காதில் விழுந்தது "வீடு சின்னது" மட்டும்தான். அதற்குமேல் பேசியது நானில்லை, என் வாய்.

"அஞ்சு பேரா? என்னாக்கா நீங்க! சொந்தக்காரங்க எல்லாத்தையும் கூட்டிக்கிட்டு வாங்க. பின்னால டெக் இருக்கு லா!"

போனை வைத்தேன். என் மனைவி லூர்து சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள். ஸ்டெல்லா பின்கதவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"எங்கப்பா டெக்கு?"

"கட்டப் போறேன்."

"போன் போட்டு இல்லன்னு சொல்லிடுங்கப்பா. அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

"சொன்னா என் மானம் போயிடும்மா."

"இப்ப மட்டும் அது எங்க இருக்கு?"

(வாய் என்கிட்டேர்ந்து போனதுதான். குத்தம் சொல்ல முடியாது.)

வந்தவர்களுக்கு இடமில்லை என்று சொல்ல நம் சனத்துக்கு வாய் வராது. இருக்கிறது என்று சொல்லிவிட்டு இல்லை என்று சொல்ல அதைவிட வராது. ஆகவே டெக் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் பின்பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குசினித் தரையிலிருந்து, சமையல்கட்டிலிருந்து, பார்த்தால் கொல்லை தொடை ஆழத்துக்குப் பள்ளம். மூன்று பக்கமும் செங்கல் சுவர். சுவரின் அடியில் ஒரே ஓர் ஓட்டை. மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் பின்னாலுள்ள லொங்காங்குக்குள், அந்தப் பெரிய சாக்கடைக்குள் போகும். லூர்து துணி காயப்போடும் கம்பிகள் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

முதலில் முறைப்படி ஒரு சீனக் கொண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். வந்தார், அளந்தார், பள்ளத்தைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், தலையை ஆட்டினார். செமெண்டில் தூண் எழுப்ப வேண்டும், தண்ணீர் போகிற வழியை விட்டுவிட்டுக் கட்ட வேண்டும் என்று மலாயில் சொன்னார். பிறகு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்கு என் காடி மாதிரி ஒரு பழைய காரை வாங்கி, இடித்துவிட்டு, மறுபடியும் ஒன்று வாங்கலாம். ஏமாற்றப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் தொழிற்சாலையில் லாரி ஓட்டும் மணியத்திடம் புலம்பினேன்.

"அண்ணே, கூட்டாளிங்க இருக்கும்போது காசு கொடுத்துக் கட்டுவியா? அசிங்கமா இல்ல? டெக்குன்னா என்னா? பாலெட்ட அடுக்கி ஆணி அடிச்சா டெக்."

சரக்கு அடுக்கும் மரப் பாலெட்டுகள் எங்கள் தொழிற்சாலையில் உடைந்தால் வெளியே குவித்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

"சரி, தூணுக்கு என்னா பண்றது?"

மணியம் மோவாயால் ஒரு மூலையைக் காட்டினான். சவர்க்காரக் கலவை வரும் நீலப் பிளாஸ்டிக் டிரம்கள், காலியாகி வெயிலில் கிடந்தன. ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் பாலெட்டைப் போட்டு அளந்தேன். எங்கள் குசினி வாசற்படிக்குச் சரியான உயரம்! கடவுளே அளவெடுத்து அனுப்பியதுபோல் இருந்தது. (வேற யாருக்கோ எடுத்த அளவ நான் தூக்கிட்டு வந்துட்டேன்.)

டிரம்களை மூடி இறுக்கிக் கொண்டுவந்தோம். ஒன்றுக்கு மட்டும் மூடி இல்லை. மணியம் அதன் வாயில் பிளாஸ்டிக் பையைப் போட்டு ரப்பரால் சுற்றினான்.

"இது போதுமாடா?"

"அடியில இருக்கறத யாரு அண்ணே குனிஞ்சு பாக்கப் போறா?"

பிறகு தொடங்கியது கோத்தோங் ரோயோங். ஊர்கூடிக் கூலி வாங்காமல் செய்யும் வேலைக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர். கூலிதான் கிடையாது, வயிறு உண்டு. உதவிக்கு வந்தவனைச் சோறு போடாமல் அனுப்பினால் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது. முதல் நாள் கோழிக்குழம்பு. அதைச் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, அடுத்த வாரம் நண்டா?" என்று கேட்டான் ஒருத்தன். அடுத்த வாரம் நண்டு. அதற்கடுத்த வாரம் ஆட்டுக்கறி, கூடவே பீர். ஒருத்தன் சுத்தியலைத் தேடுவான், இன்னொருத்தன் சுத்தியலைத் தேடுகிறவனைத் தேடுவான், சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எல்லாரும் சரியாகக் கிடைத்துவிடுவார்கள். ஆணி அடிக்க ஒரே ஆள்தான், ஆனால் "அங்க இல்ல, இங்க" என்று சொல்ல நான்கு பேர்.

லூர்து பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறவள். வாரம் முழுவதும் அங்கே சமைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இவர்களுக்குச் சமைத்தாள். அந்தக் கேண்டீன் சம்பளத்தில் சேர்த்துச் சேர்த்துத்தான் அந்த வருடம் குசினிக்குப் புதிய கேபினட் போட்டிருந்தாள். வெள்ளை நிறம். யாரும் தொடாமல் இருக்கும்போதும் துடைத்துக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய பொருள் அது ஒன்றுதான்.

சாப்பிட்ட பொட்டலம், டப்பா, ஆட்டெலும்பு, பீர் டின் எல்லாம் எங்கே போயின? கீழே. பாலெட் இடுக்கில் தள்ளிவிட்டால் கண்ணுக்கு மறைந்துவிடும்.

"என்னாங்க, தண்ணி போற ஓட்ட அடைச்சிக்கப் போவுது," என்றாள் லூர்து.

"பெறகு எடுத்துக்கலாம் லூர்து."

கடைசிப் பாலெட்டை அந்த ஓட்டைக்கு நேர்மேலே வைத்து ஆணி அடித்தோம். 'பெறகு' அதன் அடியில் போய்விட்டது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பிரவுன் பெயிண்ட் அடித்து முடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக இருந்தது. ஸ்டெல்லா ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அசையுதுப்பா."

"புதுசு லா. பழகிடும்."

"நானா, அதுவா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் வந்தார்கள். ஐந்து பேர் அல்ல, பதினொரு பேர். பெரியப்பா, சித்தி, அத்தை, பையனின் ஞானத்தகப்பன் எல்லாரும் இருந்தார்கள். நான்தான் அழைத்தேனே! ஹாலில் உட்கார இடமில்லை, கொல்லையில் கிடந்த சாமான்களை எல்லாம் அங்கேதான் குவித்து வைத்திருந்தேன். நேராகப் பின்பக்கம் அழைத்துப் போனேன்.

"அட, நல்லா இருக்கே!" என்றார் பிலோமினா அக்கா. "எப்பண்ணே கட்டுனீங்க?"

"போன வருஷமே கட்டிட்டேன்க்கா."

(பெயிண்டு இன்னும் காயல. அவங்க உக்காந்து எழுந்ததும் பட்டுச்சேலையில ரெண்டு பிரவுன் கோடு. போன வருஷத்துக் கோடு.)

டிசம்பர் மாதம் ஜொகூரில் மழை எப்படிப் பெய்யும் என்று இந்த ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அதனால் வாடகைக்கு ஒரு கூடாரம் எடுத்து மேலே கட்டியிருந்தேன். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது வானம் இடிந்து விழுந்தது. லூர்து குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "எல்லாம் உள்ள வந்திருங்களேன்," என்றாள்.

"உள்ள எதுக்கு? இதுக்குத்தானே டெக்!" என்றேன். "கதவ மூடு, சாரல் அடிக்குது."

செல்வராஜ் அதுவரை வாயைத் திறக்கவில்லை. மழையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மழையில டீ குடிச்சா தனி ருசி," என்றார். கிண்ணத்தைத் தூக்கி அவருக்கு வணக்கம் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் பணக்காரனாக இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

டெக்கில் ஒரு பெரிய வசதி உண்டு. கீழே என்ன நடக்கிறது என்று மேலே இருப்பவனுக்குத் தெரியாது. எங்கள் கூரைத் தண்ணீர் முழுவதும் கொல்லையில்தான் இறங்கும். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் வீடு, ஓட்டை ஆட்டெலும்பால் அடைபட்டிருக்கிறது. நான் டெக் கட்டியிருந்தது ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள். அதுவும் காற்று அடைத்த டிரம்களின் மேல்.

ஸ்டெல்லா வடைத் தட்டோடு வந்து குசினிக் கதவைத் தள்ளினாள். அந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். திறக்கவில்லை.

"அப்பா! கதவு தொறக்கல!"

"நல்லாத் தள்ளும்மா!"

"டெக்கு மேல வந்திருச்சுப்பா!"

"டெக்கு எங்கம்மா வரும்? தள்ளு!"

சொல்லிக்கொண்டே திரும்பி, பக்கத்து ஜன்னல் கம்பி வழியாக அவளைப் பார்த்தேன். அவள் நின்றுகொண்டிருந்தாள், நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். ஆனால் அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம்.

"இது ஆடுதுல்ல?" என்றார் அத்தை.

"காத்து," என்றேன்.

டெக் மெதுவாகச் சுவரிலிருந்து சுவருக்குப் போய் இடித்தது. டீக் கிண்ணங்கள் ஊர்வலம் கிளம்பின. அதே நேரம் மணியம் ரப்பர் சுற்றிய அந்த டிரம் வாயைத் திறந்து தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. குடிக்கக் குடிக்க அந்த மூலை இறங்கியது. அதற்குள் மிச்சமிருந்த சவர்க்காரக் கலவை வெளியே வந்தது. பலகை இடுக்குகள் வழியாக வெள்ளை நுரை பொங்கியது. எலுமிச்சை வாசனை. எங்கள் தொழிற்சாலையின் நல்ல தரமான சரக்கு.

இறங்கிய மூலையில் உட்கார்ந்திருந்தவர் பிலோமினா அக்கா.

சுமையைச் சமன் செய்வதுதான் என் தொழில். அத்தனை வருடம் போர்க்லிப்டில் ஒரு பெட்டியைக்கூட நான் கவிழ்த்ததில்லை. அந்தத் திமிரில் எழுந்து நின்று கத்தினேன்: "எல்லாரும் என் பக்கம் வாங்க!"

வந்தார்கள். மொத்தமாக வந்தார்கள். இப்போது என் பக்கம் இறங்கியது. "போதும், கொஞ்சம் பேரு அந்தப் பக்கம் போங்க!" போனார்கள். நாற்காலிகளும் கூடவே போயின. பெரியப்பா துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்றார்.

பக்கத்து வீட்டு மக்சிக்கின் தலை சுவருக்கு மேலே தெரிந்தது. நல்ல மலாய்க்கார அம்மா, இருபது வருடப் பழக்கம்.

"அலாமாக்! ஆரோக்கியம், கப்பலா வாங்கியிருக்கே?" என்று மலாயில் கேட்டார். கேட்டுக்கொண்டே போய் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார்.

கெவின் ஷூவைக்கூடக் கழற்றாமல் நுரைக்குள் குதித்தான். இடுப்பளவு தண்ணீர். முதலில் அம்மாவைத் தோளில் தூக்கி ஏணியில் ஏற்றினான். பிறகு அத்தை, சித்தி, ஒவ்வொருவராக. (நான் சொன்னேனே, குறை கண்டுபிடிக்க முடியாத பையன்.) கடைசியாக ஏறியவர் செல்வராஜ். கையில் டீக் கிண்ணம் சிந்தாமல் இருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போல," என்றார். ஏணியில் கால் வைத்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் கேலி இல்லை. அந்தப் பதினொரு பேரில் என்னை மன்னித்தவர் அவர் ஒருவர்தான்.

நான் சுவரேறி அந்தப் பக்கம் குதித்தபோது எங்கள் குசினியிலிருந்து லூர்துவின் குரல் கேட்டது. "சாக்கு கொண்டா ஸ்டெல்லா, சாக்கு!" தண்ணீர் கதவிடுக்கு வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் விருந்தாளிகளைத் தொடர்ந்து போனேன்.

என் மகளின் கல்யாணப் பேச்சு மக்சிக் வீட்டு ஹாலில்தான் முடிந்தது. எல்லாரும் துண்டைப் போர்த்திக்கொண்டு கோப்பி குடித்தார்கள். பிலோமினா அக்கா மக்சிக்கின் பூப்போட்ட சாரோங்கைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நுரையோடு நின்றேன்.

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு," என்றார். என் மூச்சு திரும்பி வந்தது. "ஆனா ஒண்ணுண்ணே. கல்யாணத்த நாங்களே பாத்துக்கறோம். நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அது நகைச்சுவை என்று நினைத்தேன். தீர்ப்பு என்று தெரியவில்லை.

அவர்கள் போனபின் வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா நல்ல சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினித் தண்ணீரை முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். வடைகள் ஊறிப்போய் மூலையில் கிடந்தன. லூர்து கேபினட்டின் கீழ்க்கதவுகளைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள், அடிபட்ட பிள்ளைக்கு ஒற்றுவதுபோல. என் பக்கம் திரும்பவில்லை.

"எல்லாம் பேசி முடிச்சாச்சும்மா," என்றேன். "சரின்னுட்டாங்க."

ஸ்டெல்லா தள்ளுவதை நிறுத்தவில்லை.

"அவங்க முன்னாடியே சரின்னுதான்பா இருந்தாங்க. வீடு சின்னதுன்னு சொன்னேன். அப்பா போர்க்லிப்ட் ஓட்றாருன்னு சொன்னேன். படிக்கலன்னு சொன்னேன். எல்லாத்துக்கும் சரின்னாங்க. ஒங்களுக்குத்தான்பா நம்ம வீடு சரியில்ல."

 அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. ஜொகூர் பாருவில் குளிர்சாதன மண்டபம். சாப்பாட்டுக்காரனைத் தேடிப் பணக் கவரோடு போனேன், ஏற்கனவே கொடுத்தாகிவிட்டது என்றான். மாலை வாங்கவா என்றேன், வாங்கியாச்சு. நாற்காலி போடவா என்றேன். "ஐயோ அண்ணே, நீங்க ஒக்காருங்க," என்றார்கள், அன்பாகத்தான். பேத்தி பிறந்தாள். ஞானஸ்நானம் அவர்கள் வீட்டில். முதல் பிறந்தநாள் அவர்கள் வீட்டில். "நாம செய்யலாமா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் "நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்" என்பார், எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கும் சிரிப்பு வரும், பழக்கதோஷம்.

மழை கொட்டினால் மருமகன் போன் செய்வான். "மாமா, கப்பல் கெளம்பியாச்சா?" பேத்தி எங்கள் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. "மழை இல்லாத நாளாப் பாத்து அனுப்பறோம்ணே," என்பார் பிலோமினா அக்கா. ஜொகூரில் மழை இல்லாத நாளுக்கு நான் எங்கே போவேன்?

பாலெட்டை எரித்தோம். டிரம்களை மணியம் கொண்டுபோய் விற்றுப் பீர் வாங்கினான். கேபினட்டின் கீழ்க்கதவுகள் தண்ணீரில் ஊதிப்போய் இன்றுவரை மூடுவதில்லை, லூர்து கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாள். வேறு வாங்கலாம் என்று சொன்னால் மட்டும் அவளுக்கு அந்த இருமல் வருகிறது.

போன மாதம் பேத்தியின் பிறந்தநாள். பெர்மாஸ் ஜெயாவில், அந்தத் தேன் நிற டெக்கில். நான் எனக்கென்று போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிலோமினா அக்கா புது விருந்தாளிகள் சிலரைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தார்.

"அண்ணே, அந்தக் கதையச் சொல்லுங்க. இவங்க கேட்டதே இல்ல."

சொன்னேன். கைகாலை ஆட்டி, பெரியப்பா மாதிரி கம்பியைப் பிடித்து, கிண்ணங்கள் வழுக்குவதை நடித்து. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "நீங்க ஒண்ணும் கட்ட வேணாம்" என்ற கடைசி வரியை எப்போதும் பிலோமினா அக்காவே சொல்வார், அன்றைக்கும் சொன்னார். கை தட்டினார்கள். அதோடு கதை முடிந்துவிடும், எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அன்றைக்குப் புதிதாக வந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பெறகு என்னாச்சுங்க? ஒங்க மக ஒண்ணும் சொல்லலியா?"

இத்தனை வருடத்தில் அதை யாரும் கேட்டதில்லை. என் கையும் காலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

"சொல்லுச்சு," என்றேன். "அன்னைக்குச் சாயந்தரம், குசினியில தண்ணி தள்ளிக்கிட்டு இருந்திச்சு. நான் போயி..."

"அப்பா!"

ஸ்டெல்லா தட்டுகளோடு கதவருகே நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

"ஒங்க காடி வழிய மறைச்சிக்கிட்டு இருக்காம்ப்பா. கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். மிச்சத்தை நான் வந்து சொல்கிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. எனக்குப் பின்னால் யாரோ பெரியப்பா கம்பியைப் பிடித்த இடத்தை மறுபடி நடித்துக் காட்ட, சிரிப்பு கிளம்பியது.

தெருக்கோடியில், மரத்தடியில், நான் விட்ட இடத்திலேயே என் காடி நின்றது. முன்னால் ஒரு காடியும் இல்லை. பின்னாலும் இல்லை.

இருந்தாலும் ஏறி, இரண்டடி முன்னால் எடுத்து நிறுத்தினேன். (சொன்னத செய்யணும்ல. அந்த வீட்டுல எனக்குன்னு குடுத்த மொத வேல.)